இன்சூரன்ஸ் புரோக்கர்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். மாங்கூழ் ஆலைகள், பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகள், சொந்த லாரி வைத்திருப்பவர்கள், பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரிகள் என்று பலருடைய புத்தகங்கள் என் மேசைக்கு வருகின்றன. நான் இன்சூரன்ஸ் விற்பதில்லை; அதற்காக யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. ஆனால் தீ விபத்தோ திருட்டோ நடந்த மறுநாள், நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் கேட்கும் கணக்குகளை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்காருகிறவன் நான்தான். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததை வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இன்சூரன்ஸ் புரோக்கர் என்றால் யார்? ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வெளியே மேசை போட்டிருப்பவரா?

நம் ஊர்ப் பேச்சில் புரோக்கர் என்றால் நிலத் தரகர், மாட்டுத் தரகர், லைசென்ஸ் எடுத்துத் தருபவர் எல்லாரும் அதில் அடக்கம். இன்சூரன்ஸ் எடுத்துத் தரும் யாரையும் அதே பெயரால் கூப்பிட்டுவிடுகிறோம். சட்டப்படி அந்தப் பெயர் எல்லாருக்கும் பொருந்தாது. இந்த வேறுபாடு தெரியாமல் போனதால் பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஏஜெண்ட் என்பவர் கம்பெனியின் ஆள். ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒரு கம்பெனி, மருத்துவக் காப்பீட்டில் ஒரு கம்பெனி என்று அவருக்கு எல்லை உண்டு. தன்னிடம் இருப்பதைத்தான் அவர் விற்க முடியும். வங்கிகள் பெரும்பாலும் 'கார்ப்பரேட் ஏஜெண்ட்' உரிமம் வைத்திருக்கும். அவை ஒவ்வொரு பிரிவிலும் ஒன்பது கம்பெனிகள் வரை விற்கலாம். பி.ஓ.எஸ்.பி. என்று ஒரு வகையும் உண்டு. பதினைந்து மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, அவ்வளவுதான். வண்டி இன்சூரன்ஸ் போன்ற எளிய பாலிசிகளை மட்டும் அவர்கள் விற்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்த வகை. சிலரிடம் அந்தத் தகுதியும் இருக்காது.

புரோக்கர் என்பது தனி மனிதரின் பட்டம் அல்ல. ஐதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவு செய்த நிறுவனம் அது. நேரடிப் புரோக்கராகப் பதிவு செய்ய, 2018-ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 75 லட்சம் ரூபாய் மூலதனம் கேட்கின்றன. தன் தவறால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட, அந்த நிறுவனம் தன் பேரிலேயே ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, புரோக்கர் பாலிசி எடுப்பவரின் பிரதிநிதி என்பது. எந்தக் கம்பெனியின் பாலிசியையும் அவர் எடுத்துத் தரலாம். கம்பெனியோடு தகராறு வந்தால் உங்கள் பக்கம் நின்று பேசுவது அவருடைய கடமை.

எனக்குப் புரோக்கர் தேவையா?

ஒரு மொபெட், ஒரு கார், வீட்டில் நான்கு பேருக்கு மருத்துவக் காப்பீடு என்றால் நல்ல ஏஜெண்ட் ஒருவரே போதும். நீங்களே நேரடியாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆலை, குடோன், நான்கைந்து லாரிகள், கிரானைட் அறுக்கும் இயந்திரங்கள், முப்பது நாற்பது தொழிலாளர்கள் என்று வந்துவிட்டால் புரோக்கர் வேண்டும் என்பதே என் கருத்து. அங்கே ஒரே பாலிசியில் காரியம் முடியாது. தீ, திருட்டு, இயந்திரப் பழுது, வழியில் போகும் சரக்கு, தொழிலாளர் இழப்பீடு என்று ஐந்தாறு பாலிசிகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

நம் பக்கத்தில் நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான புரோக்கர் நிறுவனங்கள் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலிருந்து இயங்குகின்றன. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்; தருமபுரி, அரூர்ப் பக்கத்தவர்களுக்கு அது தூரம். ஆனால் தூரம் மட்டும் பிரச்சினை அல்ல, இந்தியாவில் எங்கிருந்தும் அவர்கள் நமக்குச் செய்து தரலாம். இணையத்தில் பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டும் பெரிய தளங்களிலும் புரோக்கர் உரிமம் பெற்றவை இருக்கின்றன.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். உங்கள் தொழிலிலேயே, கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் கிளைம் வாங்கிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். "யாரிடம் பாலிசி எடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "நஷ்டம் வந்த அன்று யார் வந்து நின்றார்கள்?" என்று கேளுங்கள். ஓசூர் சிறு, குறு தொழிற்சாலைக்காரர்கள் தங்களுக்குள் இதைத் தாராளமாகப் பேசிக்கொள்வார்கள். மாங்கூழ்க்காரர்களும் அப்படித்தான், சீசன் முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் போய்க் கேட்டால் உட்கார்ந்து சொல்வார்கள். ஜூன் மாதத்தில் போய் நின்றால் ஒருவருக்கும் பேச நேரம் இருக்காது.

உரிமம் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற புரோக்கர்களின் பட்டியல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இணையதளத்தில் இருக்கிறது. பதிவு நடப்பில் இருக்கிறதா, ஆயுள், பொதுக் காப்பீடு இரண்டுக்குமா, ஒன்றுக்கு மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலிசி வந்ததும் முதல் பக்கத்தில் இடைத்தரகர் பெயர் என்ற கட்டத்தைப் பாருங்கள். உங்களிடம் பேசியவர் சொன்ன நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லாமல் வேறு யாருடைய பெயராவது இருந்தால், அன்றே காரணம் கேளுங்கள். நாளைக்குப் பொறுப்பு ஏற்க வேண்டியவர் அந்தக் கட்டத்தில் இருப்பவர்தான்.

"ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை.

புரோக்கருக்கு நான் தனியாகப் பணம் தர வேண்டுமா?

பாலிசி எடுத்துத் தருவதற்கு வேண்டாம். பிரீமியத்திலிருந்து கம்பெனியே அவருக்குக் கமிஷன் தருகிறது. எவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத் தயங்குகிறவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

"என் கமிஷனில் பாதியை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன்" என்கிறாரே?

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் பாருங்கள். கமிஷனில் பாதியைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவருக்கு, உங்கள் கிளைமுக்காக நான்கு முறை வந்து போகப் பெட்ரோல் காசு எங்கிருந்து வரும்?

பிரீமியத்தை யாரிடம் கட்டுவது?

காப்பீட்டுக் கம்பெனியின் பெயரில் மட்டும். காசோலையானாலும் இணையவழிப் பணமானாலும் அப்படியே. பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராத வரை காப்பீடு தொடங்காது, அதே காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு அதைத்தான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை கட்டுகிறவரை நம்பினால், சனியும் ஞாயிறும் உங்களுக்குக் காப்பீடு இல்லை.

வரி பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஆயுள் பாலிசிக்கும் மருத்துவ பாலிசிக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. குடோன், ஆலைப் பாலிசிகளுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. வீட்டு மருத்துவ பாலிசிக்கு யாராவது பழையபடி வரி சேர்த்துக் கணக்குச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

முதல் சந்திப்பில் புரோக்கரிடம் என்ன கேட்க வேண்டும்?

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். நல்ல புரோக்கர் விலையைச் சொல்வதற்கு முன் இடத்தைப் பார்க்க வருவார். "சரக்கு எங்கெங்கே வைக்கிறீர்கள்? மின்சார ஒயரிங் எப்போது மாற்றினீர்கள்? வாடகைக் குடோன் உண்டா?" என்று கேட்பார். போன வருடத்துப் பாலிசியைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையே நகல் எடுத்துப் புதுப்பித்துத் தருகிறவர் புரோக்கர் வேலையைச் செய்யவில்லை. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிப் பல ஆண்டுகள் கழித்தும், ஒரு வாடிக்கையாளரின் பாலிசியில் 'தருமபுரி மாவட்டம்' என்றே அச்சாகிக் கொண்டிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்?

இடத்தைப் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு தீ விபத்து. என்னிடம் கணக்கு எழுதிய ஒரு மாங்கூழ் ஆலைக்காரர். அந்த வருடம் பெங்களூரா ரக மாங்காய் வரத்து அதிகம். ஆலைக்குள் இடம் போதாமல், சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, கூழ் நிரப்பிய டிரம்களை அங்கே அடுக்கினார். ஜூலை மாத இரவு ஒன்றில் மின்கசிவால் கொட்டகை எரிந்தது. காலையில் நான் போனபோது இரும்பு டிரம்கள் வயிறு வீங்கி நின்றன. ஒவ்வொன்றிலும் இருநூறு கிலோவுக்கு மேல் கூழ். மூடி பிய்த்துக்கொண்ட இடங்களில் அது கொதித்து வழிந்து, தரையில் கறுப்புப் பாகு போல இறுகியிருந்தது. மாம்பழ வாசனையும் பிளாஸ்டிக் கருகிய நாற்றமும் கலந்து அடித்தன.

மத்தியானம் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், டிரம்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பாலிசியை விரித்து, "ஐயா, இந்தக் கொட்டகை இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். முதலாளி சாலைக்கு எதிரே இருந்த ஆலையைக் கை நீட்டிக் காட்டினார். பாலிசியில் ஆலையின் சர்வே எண் மட்டும்தான் இருந்தது. சாலையின் அகலம் முப்பதடி கூட இருக்காது. அந்த முப்பதடிக்காக அவருக்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை.

தீ பாலிசி, அதில் எழுதியிருக்கும் முகவரிக்கு மட்டுமே செல்லும். சரக்கு பல இடங்களில் மாறி மாறி இருக்கும் என்றால், எல்லா இடங்களையும் சேர்த்து ஒரே தொகைக்கு எடுக்கும் 'ஃபுளோட்டர்' பாலிசி இருக்கிறது. மே முதல் ஜூலை வரை சரக்கு ஏறி, பிறகு இறங்கும் தொழில் என்றால், மாதாமாதம் இருப்பைத் தெரிவித்து ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்யும் 'டிக்ளரேஷன்' பாலிசி இருக்கிறது. அந்த மாங்கூழ் ஆலைக்காரருக்குத் தீ பாலிசி எடுத்துக் கொடுத்தவர் ஆலையை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டில் ஒன்றைச் சொல்லியிருப்பார்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? குறைத்து எடுத்தால் பிரீமியம் மிச்சம்தானே?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் கவலை தருவது இது. குடோனில் 80 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. 40 லட்சத்துக்குப் பாலிசி எடுக்கிறீர்கள். தீயில் 20 லட்சத்துக்குச் சரக்கு போகிறது. 40 லட்சம் வரை பாலிசி இருக்கிறதே, 20 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். 10 லட்சம்தான் வரும். பாதிக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள், ஆகவே நஷ்டத்திலும் பாதிதான் என்பது கணக்கு. 'ஆவரேஜ்' என்று இதைச் சொல்வார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி, ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் இந்த வெட்டு கிடையாது. அதற்கு மேல் குறைந்தால் உண்டு.

கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஒரே சரக்குக்கு மூன்று தொகைகள் இருக்கின்றன. கடன் வரம்பு குறையாமல் இருக்க வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 90 லட்சம். ஜி.எஸ்.டி. கணக்கில் 60 லட்சம். இன்சூரன்ஸில் 45 லட்சம். சாதாரண நாளில் இந்த மூன்று காகிதங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தீ பிடித்த மறுநாள் மூன்றும் சர்வேயரின் மேசையில் ஒன்றாக வந்து விழும். எதை நம்புவது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. புரோக்கரைச் சந்திக்கப் போகும்போது உங்கள் கணக்காளரையும் அழைத்துப் போங்கள். தொகையை அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

இரண்டு மூன்று புரோக்கர்களிடம் ஒரே நேரத்தில் விலை கேட்கலாமா?

பேசிப் பார்க்கலாம். ஆனால் எல்லாருக்கும் எழுத்தில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். 'மேண்டேட்' எனப்படும் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் புரோக்கர் உங்கள் சார்பில் கம்பெனிகளை அணுகுகிறார். ஒரே ஆலைக்காக மூன்று பேர் ஒரே கம்பெனியின் கதவைத் தட்டினால், "முதலில் நீங்கள் மூவரும் பேசி முடித்துவிட்டு வாருங்கள்" என்று கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று பேரை நேரில் பார்த்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் மூன்று நான்கு கம்பெனிகளின் விலையை எழுத்தில் கேளுங்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே விவரம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் திருட்டு சேர்ந்தும் இன்னொன்றில் சேராமலும் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை.

படிவத்தை அவரே நிரப்பிவிடுகிறேன் என்கிறார், விடலாமா?

எழுதுவது அவராக இருக்கலாம். ஒவ்வொரு பதிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். என் சொந்த மைத்துனருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மருத்துவ பாலிசி எடுக்கும்போது போனிலேயே ஓ.டி.பி. கேட்டு, ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "சர்க்கரை நோய் உண்டா?" என்ற இடத்தில் 'இல்லை' என்று விழுந்திருந்தது. மறு வருடம் காலில் புண் வந்து மருத்துவமனையில் சேர்ந்தபோது கிளைம் மறுக்கப்பட்டது. "மாமா, அந்தக் கேள்வியை என்னிடம் அவர் கேட்கவே இல்லை" என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் ஓ.டி.பி. சொன்னவர் அவர்தான்.

நோயைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அதன் பிறகு அதற்கும் காப்பீடு கிடைக்கும். மறைத்தால், மோசடி என்று நிரூபிக்கும் நிலை தவிர, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டிய பிறகுதான் பாதுகாப்பு. ஆயுள் பாலிசியில் மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு அது. மூன்று ஆண்டு காத்திருப்பதா, ஐந்து ஆண்டு பயந்துகொண்டே இருப்பதா என்பதுதான் கேள்வி.

பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு இந்த உரிமை உண்டு. அந்த 30 நாட்களில் ஒரு நாள் மாலை, நிரப்பிய படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் அப்போதே மின்னஞ்சலில் திருத்தச் சொல்லுங்கள்.

தருமபுரியில் இருக்கிறோம், பெரிய வைத்தியம் என்றால் பெங்களூருவுக்குப் போவோம். பாலிசி செல்லுமா?

செல்லும். ஆனால் சில மருத்துவ பாலிசிகளில் ஊருக்கு ஒரு மண்டலம் உண்டு. சிறிய ஊர் மண்டலத்தில் குறைந்த பிரீமியம் கட்டிவிட்டுப் பெருநகரத்தில் சிகிச்சை எடுத்தால், பில்லில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நம் இரண்டு மாவட்டங்களிலும் மக்கள் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோதான் ஓடுகிறார்கள். ஆகவே இதை முதல் நாளே புரோக்கரிடம் சொல்லுங்கள். நீங்கள் போகக்கூடிய இரண்டு மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லி, ரொக்கமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள நினைத்தால், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். காத்திருந்த ஆண்டுகள் அப்படியே கூட வரும்.

லாரி, மினி வேனுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். அதில் "குறைத்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பாலிசியே போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். விலை வேறுபடுவது சொந்த வண்டிச் சேதப் பகுதியில் மட்டும். கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும். போன வருடம் கிளைம் வாங்கிவிட்டு 'வாங்கவில்லை' என்று எழுதித் தள்ளுபடி எடுத்துத் தருகிறவர்கள் உண்டு. அடுத்த விபத்தில் கம்பெனி பழைய பதிவை எடுத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தான்.

பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் சிறு சரக்கு வண்டிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. 'தனி உரிமம் இல்லை' என்ற காரணத்தைக் காட்டிக் கிளைமை மறுத்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லச் சொல்லுங்கள் உங்கள் புரோக்கரை.

தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்தால், இழுத்துக்கொண்டு போவதற்கு முன் கம்பெனிக்குப் போன் செய்து, நாலா பக்கமும் படம் எடுங்கள். சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் போலீஸ் சொல்வதைக் கேட்டு நகர்த்தித்தான் ஆக வேண்டும்; படம் எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

வங்கிக் கடன் இருக்கிறது. வங்கி சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அடமானச் சொத்துக்குக் காப்பீடு வேண்டும் என்று வங்கி கேட்கலாம்; குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பாலிசியில் வங்கியின் பெயரைச் சேர்த்துவிட்டு நகலைக் கொடுத்தால் போதும். வங்கியே எடுத்திருந்தால், பாலிசி விவரங்கள் அடங்கிய பக்கமான ஷெட்யூலைக் கேட்டு வாங்குங்கள். கடன் தொகைக்கு மட்டும் எடுத்துவிட்டு, உங்கள் பங்கு முழுவதும் காப்பீடு இல்லாமல் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

நஷ்டம் நடந்த அன்று புரோக்கர் என்ன செய்ய வேண்டும், நான் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள்: தீயணைப்புத் துறைக்கு, திருட்டு என்றால் காவல் நிலையத்துக்கு, அதே நாளில் கம்பெனிக்கும் புரோக்கருக்கும் எழுத்தில் தகவல். மேலும் சேதம் ஆகாமல் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் எரிந்ததை அள்ளிக் கொட்டக் கூடாது. ஆயுத பூஜைக்குக் கழுவுவது போல இடத்தைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு, "இங்கேதான் ஐயா இருந்தது" என்று காட்டிய ஒருவருக்காக நான் ஆறு மாதம் அலைந்திருக்கிறேன்.

புரோக்கர்: சர்வேயர் வரும்போது கூட நிற்க வேண்டும். கேட்ட காகிதங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, எது கொடுத்தாயிற்று, எது பாக்கி என்று தேதியோடு எழுத வேண்டும். கம்பெனி ஒரு தொகையைக் குறைத்தால் எந்த விதிப்படி என்று கேட்க வேண்டும். 'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்கும் ரசீது வரும்போது, அதில் இருக்கும் தொகையை ஏன் ஏற்கலாம், ஏன் ஏற்கக் கூடாது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு மீதிக்குச் சண்டை போடுவது மிகவும் கடினம். புரோக்கர் கிளைமை முடிவு செய்பவர் இல்லை. "நான் வாங்கித் தருகிறேன், கவலைப்படாதீர்கள்" என்று உறுதி கொடுக்கிறவரைவிட, "இந்த மூன்று காகிதம் இல்லாவிட்டால் சிக்கல் வரும்" என்று சொல்கிறவரையே நான் நம்புவேன்.

பயிர்க் காப்பீடு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றுக்குப் புரோக்கர் வேண்டுமா?

வேண்டாம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு காரிஃப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், வணிக, தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். முதலமைச்சர் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் போதும். மத்திய அரசின் ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகவே சேரலாம். ஒவ்வொன்றிலும் காப்பீட்டுத் தொகை 2 லட்சம் ரூபாய்.

கிளைமை மறுத்துவிட்டார்கள், அல்லது புரோக்கரே கைவிட்டுவிட்டார். எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வர வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம். 155255 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தனிநபர்கள், தனி உரிமையாளர் தொழில்கள், குறுந்தொழில்கள் போகலாம். கோரிக்கை 50 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 2021-இல் விதியைத் திருத்திய பிறகு புரோக்கர் மேலேயும் அங்கே புகார் கொடுக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கும், இங்கே தீர்வு கிடைக்காதவர்களுக்கும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; அங்கே இரண்டு ஆண்டு காலக்கெடு.

இதற்கெல்லாம் எழுத்தில் ஆதாரம் வேண்டும். புரோக்கரோடு போனில் பேசியதை அன்று இரவே நான்கு வரியில் அவருக்கு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி வையுங்கள்: "இன்று பேசியபடி வாடகைக் குடோனையும் பாலிசியில் சேர்ப்பதாகச் சொன்னீர்கள்." மேலே சொன்ன மாங்கூழ் முதலாளி குடோன் பற்றிச் சீசன் தொடக்கத்திலேயே போனில் சொன்னதாக இன்றும் சொல்கிறார். அதைக் காட்ட எங்களிடம் ஒரு வரி கூட இல்லை.

வருட நடுவில் புரோக்கரை மாற்றலாமா?

மாற்றலாம். புதியவரை நியமித்து, பழையவரின் அதிகாரத்தை ரத்து செய்து ஒரு கடிதத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தால் போதும். பாலிசி அப்படியே தொடரும். கிளைம் ஒன்று பாதியில் இருந்தால், பழையவரிடம் இருக்கும் காகிதங்களின் நகலை வாங்கிக்கொண்ட பிறகு கடிதத்தைக் கொடுங்கள்.